முள்ளங்கி வாங்கப் போனவனுக்கு

லைப்சிக்,
நவம்பர் 17, திங்கட்கிழமை

அன்புள்ள கெர்னோட்டுக்கு,

உன் கரோலா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா என்பதை உன் தம்பி ஹென்னிங்கிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், யாரோடும் பேசுவதில்லை என்கிறான். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாளும் பேனாவுமாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் ஆளில்லை. வெளியே மழை.

எழுதுவதற்கு ஒரே ஒரு காரணம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு இறந்தவர்களின் ஞாயிறு. நம் மகள் தபேயாவுக்கு இது முதல் வருஷம். ஊரில் எல்லோரும் கல்லறைக்குப் போய், குளிருக்கு முன்னால் மண்ணை ஊசியிலைக் கிளைகளால் மூடிவிட்டு வருவார்கள். நீ வர வேண்டும். உன்னை விட்டுவிட்டு நான் தனியாக இன்னும் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. எதிர்ச் சீஸ் கடை குட்ருன்தான் கோடை முழுக்கப் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். எனக்குக் கால் போகவில்லை. அழுகையால் இல்லை. அழுகை இன்னும் வரவே இல்லை.

இனிச் செய்திகள்.

நீ போனது மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சந்தை வரைக்கும் போய் முள்ளங்கி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ரைக்ஸ் தெருப் பக்கக் கதவு வழியாகப் போனாய். முள்ளங்கி இன்னும் வந்து சேரவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் ஹென்னிங் போன் செய்து, தான் இருக்கும் ஹிடன்சே தீவுக்கு நீ வந்து இறங்கியிருக்கிறாய் என்றான். "முப்பது வருசமா ஊருக்கே பயணப்பெட்டி வித்தவன், கடைசியில ஒரு துணிப்பையோட போய்ட்டானே" என்று குட்ருன் சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஏன் பொத்திக்கொள்ள வேண்டும்? எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னாள்.

வியாபாரம் சுமார். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் மாலில் உருளைப் பெட்டிகளை மலை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்களாம். அங்கே வாங்குகிறார்கள், சக்கரம் கழன்றதும் நம் கடைக்கு உருட்டிக்கொண்டு வருகிறார்கள். நீயாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நான் சக்கரத்தை மாற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். போகும்போது "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று என் வாய் சொல்கிறது. நான் சொல்வதில்லை, வாய் சொல்கிறது. மாட்ரிட்டுக்கா, வார்சாவுக்கா என்று முன்பெல்லாம் கேட்பேன். இப்போது எங்கே போனால் எனக்கென்ன.

நம் கடைகள் இருக்கிற முற்றத்தில் மாற்றம் பெரிதாக இல்லை. கண்ணாடிக் கூரை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒழுகுகிறது. சாவிக் கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் நம் முற்றத்துக் காவலாளி மேனர்ட் அதற்குக் கீழே வாளி வைத்திருக்கிறார். சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் நம் கடை வரைக்கும் கேட்கிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதற்கு அது பரவாயில்லை.

ஆகஸ்டில் என் கையை அடுப்பில் சுட்டுக்கொண்டேன். உன்னிடம் ஹென்னிங் சொன்னானோ என்னவோ. காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பின் மேலேயே கையை ஊன்றி நின்றிருக்கிறேன். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். வலிக்கவே இல்லை. டாக்டர் நரம்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்குத் தெரியும், நரம்பில் ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் அந்த மழைச் சாயங்காலம், மருத்துவமனை வராந்தாவில் அந்த இளம் டாக்டர் நம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாரே, அப்போது ஏதோ ஒன்று அணைந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ தீவுக்குப் போனாய், நான் கடைக்கு வந்தேன். ஆளுக்கொரு திசை, வியாதி ஒன்றுதான்.

இப்போது சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

சனிக்கிழமை காலை ட்ராமை விட்டு இறங்கிச் சந்தைச் சதுக்கத்தின் குறுக்கே நடந்து வந்தேன். கிறிஸ்துமஸ் சந்தைக்கு மரக்கடைகளை எழுப்பிவிட்டார்கள். சதுக்கம் முழுக்கப் புது மரத்தூள் வாசனை. நடுவில் அந்தப் பெரிய மரத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஆள் உயரத்துக்குக் கடைகள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் என் மண்டை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஓகோ, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் வந்துவிட்டது, கடை வாசலில் நட்சத்திர விளக்கு மாட்ட வேண்டும் என்று. கடைகளெல்லாம் பலகை அடைத்து இருட்டாகக் கிடந்தன, மரத்தில் ஒரு விளக்கும் இல்லை. அதையும்தான் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? இந்த வருஷம் எனக்கு நாட்காட்டி என்று ஒன்று இல்லை, கெர்னோட். காலையில் கடை திறக்கிறேன், சாயங்காலம் அடைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. இவ்வளவுதான் என் கணக்கு.

நேராக வந்து பரணிலிருந்து நட்சத்திரப் பெட்டியை இறக்கினேன்.

அந்தப் பெட்டியைக் கடைசியாகக் கட்டியவள் தபேயா. பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று நட்சத்திரத்தை இறக்கி, ஒவ்வொரு முனையையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, நூல் போட்டுக் கட்டினாள். நீ பக்கத்தில் நின்று, "நூல் எதுக்குடி, டேப் ஒட்டேன்" என்றாய். "டேப் ஒட்டினா அடுத்த வருசம் பிரிக்கறப்ப அட்டை கிழியும்பா" என்றாள். அதற்கு அடுத்த வாரம் அவள் இல்லை. அவள் போட்ட முடிச்சை நான் அவிழ்த்தேன். வெங்காயம் உரிப்பது மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு முனையாகக் காகிதத்தைப் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து மாட்டினேன். ஒரு முனை சிவப்பு, உனக்கு ஞாபகம் இருக்கும். மற்றதெல்லாம் மஞ்சள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிதித்து உடைத்த முனைக்குப் பதிலாக, கிடைத்த சிவப்பை வாங்கி மாட்டினாயே. அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தாள். தேடாமல் கிடைக்கட்டும் என்றுதான் இருக்கும்.

ஏணியைக் கதவுக்கு வெளியே போட்டு ஏறினேன். வருஷா வருஷம் அவள் ஏறுவாள், நீ ஏணியைப் பிடிப்பாய், நான் கீழே நின்று கோணலாக இருக்கிறது என்று சொல்வேன். இந்தத் தடவை ஏறியதும் நான், கோணலாக மாட்டியதும் நான். யாரும் சொல்லவில்லை. விளக்கை ஏற்றினேன். முற்றம் பாதிக்கு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

முதலில் ஒரு பெரியவர் தொப்பியும் கைத்தடியுமாக நிக்கோலாய் தெருப் பக்கமிருந்து வந்தார். நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, செத்தவங்களுக்கு இருக்கறதே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுகூடப் பொறுக்கலையா உங்களுக்கு? யாவாரம் அவ்வளவு பெருசாப் போச்சா?" என்றார்.

அவருக்குத் தெரியாது. எங்கிருந்தோ வந்தவர். நான் ஏணியில் நின்றபடி "ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அடுத்து குட்ருன் பாய்ந்து வந்தாள், கையில் சீஸ் வெட்டுகிற கம்பியோடு. "ஏண்டி கரோலா, உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? செப்டம்பர்லயே கிறிஸ்துமஸ் கேக் விக்கிற மால்காரன்கூட இந்த ஞாயிறு முடியட்டும்னு விளக்க ஏத்தாம உக்காந்திருக்கான். சந்தையில ஒரு பல்பு எரியுதா பாரு! முற்றத்து மானத்தையே வாங்கிட்டியே. இன்னும் எட்டு நாள் பொறுக்க முடியாதா உன்னால? என்னமோ உன் வீட்ல..."

அங்கே நின்றுபோனாள். அண்ணாந்தவள் சிவப்பு முனையைப் பார்த்துவிட்டாள். கம்பி அவள் கையிலிருந்து தொங்கியது. அவ்வளவு நேரம் அவள் திட்டியதுதான் எனக்கு நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? ஒன்பது மாதமாக எல்லோரும் என்னிடம் ஆஸ்பத்திரிக் குரலில்தான் பேசுகிறார்கள். யாராவது முழுத் தொண்டையில் என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். ஒரு அம்மாள் கைப்பிடி அறுந்த பெட்டியோடு வந்து நிற்கிறார்.

செவ்வாய்க்கிழமை

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். சத்தம் கேட்டு மேனர்ட் வந்தார். அவருக்கு விதி என்றால் விதி. இறந்தவர்களின் ஞாயிறுக்கு முன்னால் முற்றத்தில் அலங்கார விளக்கு எரியக் கூடாது. "கரோலாம்மா, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. நான் மட்டும் பிளக்கப் பிடுங்கி விட்டுர்றேன். அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்று சொல்லி உள்ளே கை நீட்டினார்.

"தொடாதே!" என்று கத்தினேன்.

என் குரல்தான் அது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. கண்ணாடிக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபது வருஷமாக மேனர்ட்டை மரியாதை குறைத்து ஒரு வார்த்தை பேசியதில்லை நான். பாவம், கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும் நான் ஏன் கத்தினேன் என்று. அவர்களுக்குத் தெரியாது. ஏழு வயதில் அவள் போட்ட சட்டம் அது. ஏற்றினால் ஏற்றியதுதான், மெழுகுவர்த்தித் திருநாள் வரைக்கும் அணைக்கக் கூடாது. "அணைச்சா அதுக்கு வழி தப்பிடும்பா" என்றாள். நீ கரண்டு பில்லைப் பற்றி முணுமுணுத்தாயே தவிர, பத்தொன்பது வயது வரைக்கும் அந்தச் சட்டத்தை நாம் ஒருவரும் மீறவில்லை. ஒரு வருஷம் பல்பு போனபோது நீ கடை கடையாக ஓடி வாங்கி வந்து, அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தாய். அப்படிப்பட்ட விளக்கை மேனர்ட் வந்து பிடுங்குவதா?

இதை எப்படியோ இரண்டு மூன்று வாக்கியத்தில் சொன்னேன். வாளியில் தண்ணீர் சொட்டியது. பிறகு குட்ருன்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏம்ப்பா மேனர்ட், விளக்கு எரியக் கூடாதுங்கறது விதியா, வெளிச்சம் தெரியக் கூடாதுங்கறது விதியா?" என்றாள்.

மேனர்ட் யோசித்தார். "வெளிச்சம் தெரியாட்டி யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"அப்ப முடிஞ்சுது" என்று சொல்லி அவள் கடைக்குள் ஓடினாள். சீஸ் உருளைகளை மூடி வைக்கிற அந்தப் பெரிய வெள்ளைத் துணியைக் கொண்டு வந்தாள். மேனர்ட் ஏணியில் ஏறி நட்சத்திரத்தின் மேல் போர்த்தினார். அப்போதும் வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்று போர்த்தினார். அப்போதும் தெரிந்தது. கடைசியில் கூரை ஒழுகலுக்கு வைத்திருந்த தன்னுடைய பழைய போர்வையைக் கொண்டு வந்து அதற்கு மேலே சுற்றினார். குளிர்காலத்தில் பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி சுற்றிச் சுற்றி, ஓரத்தைச் சணல் கயிற்றால் கட்டினார். "தீப் பிடிக்காதா?" என்று கேட்டேன். "பிடிக்காது, இப்பெல்லாம் சூடாகாத பல்புதான்" என்றார்.

அவர் நினைத்தது தப்பு. அந்தப் பல்பு நீ ஒளித்து வைத்திருந்த பழைய குண்டு பல்பு. புது பல்பின் வெளிச்சம் செத்த வெளிச்சம் என்று அவளும் நீயும் சேர்ந்து பதுக்கி வைத்தீர்களே, அதில் ஒன்று. ஏற்றிய பிறகு கை பட்டபோது அது என்னைச் சுட்டது. ஆகஸ்டில் அடுப்பு சுட்டது தெரியாத அதே கைதான். சனிக்கிழமை விரல் நுனியில் சுரீரென்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்றேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன். (பல்பை மேனர்ட் அன்றே மாற்றிவிட்டார், கவலைப்படாதே. நான் உண்மையைச் சொன்னதும் அலறியடித்துக்கொண்டு போர்வையை அவிழ்த்தார். ஒன்றை அணைப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சட்டம் மீறப்படவில்லை.)

இப்போது நம் கடை வாசலில் ஒரு பெரிய மூட்டை தொங்குகிறது. உள்ளே லேசாக வெளிச்சம் கசிகிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "பறவைக் கூடா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, முட்டை போட்டிருக்கு, சத்தம் போடாமப் போங்க" என்றாள் குட்ருன். திட்டியதற்குப் பிராயச்சித்தமாக எனக்குத் தினமும் சீரகம் போட்ட சீஸ் ஒரு துண்டு வந்துகொண்டிருக்கிறது. வாங்கி வைக்கிறேன். நேற்று ஒரு துண்டு தின்றேன். உப்பாக இருந்தது. உப்பு தெரிந்தது.

நீ என்ன செய்கிறாய் என்று ஹென்னிங்கிடம் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். "கரோலா, நான் என்னத்தச் சொல்றது? என் கொட்டகையில வாடகை சைக்கிள் எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கான். நல்லா இருக்கற டயரக் கழட்டிட்டுத் தடிச்ச டயரா மாட்டுறான். மாட்டி முடிச்சதையே மறுபடி கழட்டி மாட்டுறான். இந்தத் தீவுல காரே கிடையாது, தண்டவாளத்துக்கு எங்க போறது? வேணாம்டான்னு சொன்னா என்னப் பார்த்துட்டு மறுபடி குனிஞ்சுக்கறான்."

இதைக் கேட்ட பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கெர்னோட், இதை நாம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. நான் பேச விடவில்லையா, நீ பேச விடவில்லையா தெரியவில்லை. ஜனவரியில் அவள்தான் மெல்லிய டயர் வேண்டும் என்று உன் காலைச் சுற்றி வந்தாள். கல்லூரியில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், வேகமாகப் போகும் என்றாள். தடித்த டயர் மாட்டிக்கொண்டு போனால் தபால்காரி மாதிரி இருக்கிறது என்றாள். நீ இரண்டு வாரம் மாட்டேன் என்றாய். பிறகு ஒரு நாள் கடை அடைத்த பிறகு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மாட்டிக் கொடுத்தாய். ட்ராம் தண்டவாளத்தில் மெல்லிய சக்கரம் மாட்டிக்கொண்டது. மழை. அவ்வளவுதான் நடந்தது.

நீ மாட்டினாய். உனக்கு வெளிச்சம் போதவில்லை என்று பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தது நான். அவள் திறந்த கதவுக்கு உள்ளே கல்லாவின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் நீ மட்டும் தனியாக இருந்தது மாதிரி பழியை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாயே. அதில் எனக்குப் பங்கு இல்லையா? எனக்கும் சேர்த்துத் தூக்கச் சொல்லி உன்னிடம் நான் எப்போது கேட்டேன்?

கோபமாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆமாம், கோபம்தான். இருக்கட்டும். வந்திருக்கிற ஒன்றையும் ஏன் அடித்துவிட வேண்டும்.

இந்தக் கடிதம் ஒரு பெட்டிக்குள் வருகிறது. காட்சிக்கு வைத்திருந்த அந்தப் பழுப்புத் தோல் பெட்டி, நீ யாருக்கும் விற்க மனசில்லாமல் வருஷா வருஷம் விலையை ஏற்றி வைத்திருந்தாயே, அதேதான். உள்ளே உன் குளிர்க் கோட்டு, கம்பளிக் காலுறை, கறுப்புச் சூட்டு இருக்கின்றன. சூட்டை இஸ்திரி போட்டிருக்கிறேன். இந்தக் கடையில் பெட்டி வாங்கியவர்கள் எல்லோரும் போவதற்குத்தான் வாங்கினார்கள். இது ஒன்றுதான் வருவதற்கு. இன்று அனுப்பினால் வெள்ளிக்கிழமை படகில் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். சனிக்கிழமைக் காலைப் படகைப் பிடித்தால் நீ ஸ்ட்ரால்சுண்டில் ரயில் ஏறிச் சாயங்காலத்துக்குள் இங்கே வந்துவிடலாம்.

ஊசியிலைக் கிளை இரண்டு கட்டுச் சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பூக்காரி கொண்டு வருவாள். சிவப்புக் காய் இருக்கிற கிளையாகப் பார்த்துக் கொடு என்றேன். கல் இன்னும் வைக்கவில்லை, மண் இன்னும் இறங்க வேண்டுமாம், மரச் சிலுவைதான் நிற்கிறது. குட்ருன் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நீ வந்தால் போகிறோம். நீ வராவிட்டால் அந்த இரண்டு கட்டும் கடையிலேயே காயும். மிரட்டவில்லை. என்னால் முடியாது என்று சொல்கிறேன்.

வாசல் மூட்டையும் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு அவிழ்க்கலாம் என்று மேனர்ட் அனுமதி கொடுத்துவிட்டார். "நானே ஏறி எடுத்து விடட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து நீ ஒரு கதை சொல்வாயே. அந்தக் காலத்துச் சந்தை நாளில் சரக்கு வண்டிகள் நிக்கோலாய் தெருவில் நுழைந்து, முற்றத்தில் சரக்கை இறக்கிவிட்டு, ரைக்ஸ் தெரு வழியாக வெளியே போகும், உள்ளே குதிரையைத் திருப்ப இடமில்லை, அதனால்தான் முற்றத்துக்கு இரண்டு வாசல் என்று. சுவர் மூலையில் சக்கரம் தேய்த்த கல்லைக் காட்டுவாய். நீ பேசும்போது உனக்குப் பின்னால் நின்று அவள் உன்னை மாதிரியே கையை ஆட்டிக் காட்டுவாள். வாடிக்கையாளர் சிரிப்பார், நீ உன் கதைக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். "போன வண்டி வந்த வழியே திரும்பினதா இந்த முற்றத்துல சரித்திரமே கிடையாது" என்று முடிப்பாய்.

அது குதிரை வண்டிக்குச் சொன்னது, கெர்னோட். உன் சுமை பெரிது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ மனுஷன். ரைக்ஸ் தெரு வழியாகப் போனாய், அதே ரைக்ஸ் தெரு வழியாகத் திரும்பி வா. அந்தக் கதவு மழையில் உப்பிச் சிக்கிக்கொள்கிறது, தோளால் கொஞ்சம் இடிக்க வேண்டும். சனிக்கிழமை அதைப் பூட்ட வேண்டாம் என்று மேனர்ட்டிடம் சொல்லிவிட்டேன். போர்வையை நீ ஏறி எடு. நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடல் அமைதியாக இருக்கட்டும். படகு நேரத்துக்கு வரட்டும். கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொள்.

உன்
கரோலா

பி.கு. முள்ளங்கிப் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. தேடிக்கொண்டு நிற்காதே. வெறுங்கையோடு வா.